விளக்கடியில் எழுபது பாகை

அந்தக் குளிர்காலத்தில் காலையில் என் காதில் விழும் முதல் சத்தம், கீழே எங்கள் வீட்டுக்கார மாஸ்டர் தொண்டையைச் செருமுவது. அடுத்தது, "எழுபது!" என்ற அவருடைய அறிவிப்பு.

படிக்கட்டின் மேலே நின்று எட்டிப் பார்த்தால் ஆள் தெரிவார். வேட்டிக்கு மேலே ஓவர்கோட்டு. அதற்கு மேலே கம்பளிச் சால்வை. தலையில் காதை மூடிய தொப்பி. கையில் பூதக்கண்ணாடி. நடையில், சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய வெப்பமானியின் முன்னால் குனிந்து நின்று, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்வார்.

"எழுபது பாகை. நல்ல இளஞ்சூடு. ஹீற்றிங் தேவையில்லை."

சொல்லும்போது அவர் வாயிலிருந்து ஆவி புகையாக வரும்.

எழுபது பாகை பாரன்ஹீட் என்றால் மெல்லிய பருத்திச் சட்டையோடு உலாவலாம். அந்தச் சூட்டில் மனிதனின் வாயால் ஆவி வருவதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும், நடுங்கிக்கொண்டே, அந்த எழுபதை நம்பினோம். சுவரில் தொங்குகிற எதையும் நம்பிவிடுகிற இனம் நாங்கள். அதிலும் பித்தளைத் தகட்டில் ஆங்கில எழுத்து வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தத் தொடரில் நான் ஒருவரைப் பற்றியும் நல்லதாக எழுதுவதில்லை என்று வாசகி ஒருவர் குறைப்பட்டிருந்தார். இந்த வாரமும் அவருக்கு ஏமாற்றம்தான்.

வீடும் வீட்டுக்காரரும்

எண்பதுகளின் நடுப்பகுதி. சரியாக எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க எனக்குப் பஞ்சியாக இருக்கிறது.

அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்று. வீட்டுக்காரர் சிற்றம்பலம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர். எண்பத்துமூன்று கலவரத்துக்கு வெகு முன்பே லண்டனுக்கு வந்து வீடு வாங்கியவர். அதனால் பின்னால் ஓடி வந்த எங்களையெல்லாம் பரீட்சையில் தவறிய மாணவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். மனைவி இறந்த பிறகு தனி ஆள். கீழே முன்னறை அவருடையது. மற்ற அறைகள் எல்லாம் வாடகைக்கு.

மேலே, பின்பக்கத்து அறை எங்களுடையது. நான், என் கணவர், பிறந்து சில நாட்களே ஆன மகள். வடக்குப் பார்த்த ஒற்றை ஜன்னல். அதன் உட்புறத்தில் காலையில் பனி படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் தூளாக விழும்.

சூடாக்கும் பொயிலர் படிக்கட்டுக்குக் கீழே ஒரு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிக்குப் பூட்டு. பூட்டின் திறப்பு, அதன் ஒற்றைச் சாவி, மாஸ்டரின் இடுப்பில். அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: வெப்பமானி அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் ஹீற்றிங் போடப்படும். இறங்காவிட்டால் போடப்படாது. இதை எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்வது போலச் சொல்லியிருந்தார். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று நாங்களும் தலையாட்டினோம்.

அது இறங்கவே இல்லை.

மாஸ்டருக்கு அந்தக் கருவி மேல் இருந்தது வெறும் ஆசையல்ல, பக்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்காரனிடம் வாங்கியது. பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாய், பித்தளைத் தகடு. சரஸ்வதி பூசைக்கு அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டும் வைத்தார். பக்கத்தில் தட்டில் முருகன், பிள்ளையார், இலட்சுமி. தட்டின் ஓரத்தில் இரவு பகல் அணையாமல் எரியும் எண்ணெய் விளக்கு. மனைவியின் நினைவாக ஏற்றியது என்று வருகிறவர்கள் எல்லாம் உருகுவார்கள். முருகனைக் கும்பிடுகிறவர்கள் போகிற போக்கில் வெப்பமானியையும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

மேதைகளின் வெண்ணெய்

வாடகை வாங்கும்போது மாஸ்டர் இலவசமாக ஒரு விரிவுரையும் தருவார். வெப்பமானியின் வரலாறு. அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை வராமல், பக்கத்து நூலகத்துக்குப் போய்த் தேடிப் படித்தேன். அங்கே ஹீற்றிங் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தாலியில் முதன்முதலில் செய்த கருவி, ஒரு கண்ணாடிக் குமிழும் நீண்ட கழுத்தும். அதைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தலைகீழாக நட்டு வைப்பார்கள். குளிர்ந்தால் தண்ணீர் ஏறும், சூடானால் இறங்கும். எவ்வளவு என்று சொல்ல அதில் ஒரு கோடு கூடக் கிடையாது. போதாததற்கு, காற்றின் அழுத்தம் மாறினாலும் தண்ணீர் ஏறி இறங்கும். குளிரால் ஏறியதா, காற்றால் ஏறியதா என்று அதைச் செய்தவருக்கே தெரியாது.

பிறகு ஒரு பிரபு, மதுசாரம் அடைத்து மூடிய குழாய்களைச் செய்வித்து, ஊர் ஊராக மடங்களுக்கு அனுப்பினார். துறவிகள் செபத்துக்கு நடுவே போய்ப் பார்த்து எழுத வேண்டும். குளிரைத் துறந்தவர்களிடம் குளிரை அளக்கக் கொடுத்த அவர் மூளையை என்ன சொல்வது.

அடுத்தது கோடு போடுகிற சண்டை. எங்கே தொடங்குவது? ஒருவர் வெண்ணெய் உருகும் இடத்தில் என்றார். எந்த மாட்டு வெண்ணெய் என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒருவர் பாரிஸ் நகரத்து ஆழமான நிலவறையின் குளிர்ச்சியில் என்றார். இன்னொருவர் பனிக்கட்டியில் உப்பைக் கலந்து அதைப் பூச்சியம் ஆக்கி, நல்ல தேகசுகம் உள்ள மனிதனின் அக்குளைத் தொண்ணூற்றாறு ஆக்கினார். உலகத்துக் காய்ச்சல்காரர்கள் எல்லாம் வெகு காலம் அந்த அக்குளை நம்பித்தான் படுத்திருந்தார்கள். சுவீடன்காரர் ஒருவர் நூறாகப் பிரித்தார். நல்லது. ஆனால் தண்ணீர் கொதித்தால் பூச்சியம், உறைந்தால் நூறு என்று வைத்தார். அவர் கண்ணை மூடிய பிறகு மற்றவர்கள் அதைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்தார்கள்.

எல்லாவற்றையும் தூக்கி விழுங்கியது லண்டன்தான். இங்கே கற்றறிந்தோர் சங்கம் ஒன்றின் செயலாளர், நாட்டின் காலநிலையை ஒழுங்காக அளக்க வேண்டும் என்று விரும்பி, எல்லோருக்கும் இலத்தீன் மொழியில் அறிவுரை எழுதினார். வெப்பமானியை எங்கே தொங்கவிடுவது? நெருப்பு மூட்டாத, வடக்குப் பார்த்த ஒரு அறைக்குள்.

அறைக்குள்! வெளியே பனி கொட்ட, இந்த மேதைகள் உள்ளே சுவரைப் பார்த்துக் காலநிலை எழுதினார்கள். வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள், வெயில் படாமல் காற்று மட்டும் படும்படி, வெளியே வைத்து அளக்க இன்னும் வெகு காலம் சென்றது. அதற்கும் கலங்கரை விளக்கம் கட்டுகிற ஒரு பொறியியலாளர் வரவேண்டியிருந்தது.

இன்றைக்கும் இந்த நாட்டுப் பத்திரிகைகளைப் பாருங்கள். கோடையில் வெக்கை என்றால் பாரன்ஹீட்டில் பெரிய எழுத்து. மாரியில் குளிர் என்றால் செல்சியஸ். எது பெரிதாகப் பயமுறுத்துகிறதோ அது. இவர்களா எங்களுக்கு அளவு கற்பித்தவர்கள்?

வடக்குப் பார்த்த, நெருப்பு மூட்டாத அறை. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த அறையில்தான் என் பிள்ளை கிடந்தாள்.

அட்டை

குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதி, சிவந்த மூக்குள்ள ஒரு வெள்ளைக்காரி. உள்ளே வந்தவள் கோட்டைக் கழற்றவில்லை. மகளின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துச் சுவரில் மாட்டினாள். அதில் சூட்டுக்குத் தகுந்தபடி நிறம் காட்டும் பட்டை. எங்கள் அறையில் அது நீலத்தில் நின்றது. நீலத்துக்கு நேரே ஆபத்து என்று எழுதியிருந்தது.

பிள்ளையின் நிறை ஏறவில்லை, சாப்பிடுவதெல்லாம் குளிரைத் தாங்கவே போகிறது, இந்த அறையைச் சூடாக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்று முழுக்க அழுதேன். மின்சார ஹீற்றர் ஒன்று கொண்டுவரலாம் என்றால் அறைகளில் அதைச் செருகக் கூடாது என்பது மாஸ்டரின் இன்னொரு சட்டம்.

மகளுக்கு இரண்டு சட்டை, மூன்று போர்வை, கைகளுக்குக் கம்பளிக் காலுறைகள். குளிப்பாட்டும்போது மட்டும்தான் அவளுடைய விரல்களைப் பார்ப்பேன்.

என் கணவர் போய் அட்டையைப் பற்றி மாஸ்டரிடம் சொன்னார். இவருக்குப் பெற்றோல் நிரப்பும் செட்டில் ஷிப்ட் வேலை. யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாத மனிதர்.

"அது விளையாட்டுச் சாமான் தம்பி," என்றார் மாஸ்டர். "கடதாசி. என்ரது இரசம். வீடு ஒண்டு எண்டால் சூடும் ஒண்டுதான். கீழ எழுபது எண்டால் மேலயும் எழுபது."

இவர் திரும்பி வந்து அதை அப்படியே என்னிடம் ஒப்புவித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் போய் அந்தக் கருவியைக் கிட்ட நின்று பார்க்கவும் முடியாது. பிள்ளை பெற்ற துடக்கு, அதாவது தீட்டு. மாதம் முடியும்வரை சாமித்தட்டுப் பக்கம் வரக்கூடாது என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சமைக்கக் குசினிக்குப் போவதென்றாலும் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். வாடகைக்காரர் பிள்ளை பெற்றால் வீட்டுக்காரரின் விளக்கை நிறுத்தத் தேவையில்லை. நான் மட்டும் ஒதுங்கினால் போதும். சாத்திரத்தை இவ்வளவு சிக்கனமாகக் கையாண்ட ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

துடக்கு மாதம்

என் துடக்குக் கழிந்த கையோடு அவருக்குத் துடக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி. மாஸ்டரின் அண்ணர் நோயில் தவறிவிட்டார்.

மாஸ்டர் அழுததை நான் பார்த்தேன். அதைக் கேலி செய்ய மாட்டேன். முன்னறைக் கதிரையில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

முறைப்படி சாமித்தட்டுக்குத் திரை போட்டார்கள். துடக்குக் கழிக்கும் அந்தியேட்டிச் சடங்கு வரை, ஒரு மாதம், வீட்டில் பூசை இல்லை. விளக்கு இல்லை.

மறுநாள் காலை தொண்டைச் செருமல் கேட்டது. எழுபது கேட்கவில்லை.

நான் படிக்கட்டில் எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் கருவிக்கு முன்னால் நின்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் கீழறையில் வாடகைக்கு இருந்த பெடியன்களும் அவர் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாஸ்டர், ஐம்பத்தைஞ்சுக்கும் கீழ கிடக்கு," என்றான் ஒருவன்.

சட்டம் சட்டம்தானே. இடுப்பிலிருந்து திறப்பு வந்தது. அலுமாரி திறந்தது. குழாய்களுக்குள் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. எங்கள் அறையின் இரும்பு ரேடியேற்றரில் கை வைத்தேன். சூடு. நான் அதைக் கட்டிப்பிடிக்காத குறை.

அந்த மாதம் முழுவதும் வீடு வீடாக இருந்தது. அட்டை நீலத்தை விட்டு ஏறியது. ஜன்னல் பனி உருகி ஓடியது. மகளின் கைகளிலிருந்து காலுறைகளைக் கழற்றினேன். அவள் தன் கட்டை விரலைக் கண்டுபிடித்து, அதைச் சூப்பியபடி தூங்கப் பழகினாள். தாதி வந்து நிறுத்துப் பார்த்து, முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றினாள். ஒரு சாவு வந்து என் பிள்ளைக்கு உயிர் கொடுக்கிறதே என்று எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

அந்தியேட்டிக்கு முதல்நாள் நடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கிட்டப் போகலாம். வெப்பமானியை முதன்முறையாக மூக்கு முட்டப் பார்த்தேன். பித்தளைத் தகட்டின் கீழ் ஓரம் முழுக்கக் கரி. விரலால் தொட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு. நேர் கீழே விளக்கு வைக்கும் இடம்.

பூட்டு ஒன்று என் தலைக்குள் திறந்தது. விளக்கு அணைந்த நாள் கருவி இறங்கியது. நாளைக்கு விளக்கு எரியும். நாளைக்கே எழுபது வரும். நாளைக்கே அலுமாரி பூட்டப்படும்.

மாஸ்டர் முன்னறையில் இருந்தார். நேரே போனேன்.

"மாஸ்டர், உங்கட தெர்மோமீற்றர் வீட்டை அளக்கேல்லை. விளக்கைத்தான் அளந்தது. வந்து கரியைப் பாருங்கோ."

அவர் எழும்பவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றினார்.

"பிள்ளை, நான் வாழ்நாள் முழுக்கப் பிஸிக்ஸ் படிப்பிச்சனான். சூடு மேல போகும் எண்டு நீரோ எனக்குச் சொல்லித் தாறது?"

இவ்வளவு நாளும் இந்த மனிதரை ஒரு படித்த முட்டாள் என்றல்லவா நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப, தெரிஞ்சுகொண்டோ அதில கொழுவினனீங்கள்?"

"ஒரு வீட்டில இத்தனை பேர் இருந்தால் இத்தனை குளிர். ஒருத்தருக்குப் போடு எண்டும் மற்றவருக்கு நிப்பாட்டு எண்டும் என்னால நெடுக நியாயம் சொல்ல ஏலாது. சுவரில ஒரு நம்பரைக் கொழுவினால் எல்லாரும் வாயை மூடுவினம். மூடினவைதானே?"

"என்ர பிள்ளை மூடேல்லை மாஸ்டர். அழுதுகொண்டுதான் கிடந்தது."

"நாளைக்கு விளக்கு ஏத்தினால் எல்லாம் பழைய ஒழுங்குக்கு வரும்," என்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

இத்தாலிக்காரனையும் வெண்ணெய்க்காரனையும் அக்குள்காரனையும் அந்த நிமிடமே நான் மன்னித்துவிட்டேன். அவர்கள் தெரியாமல் பிழையாக அளந்தவர்கள். இவர் எங்கள் தலையில் மிளகாய் அரைத்தவர், அதுவும் சாமிக்கு முன்னால் வைத்து.

வேலையால் வந்த கணவரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சத்தம் போடாதையும். வீட்டை விட்டு எழும்பு எண்டு சொன்னால் கைப்பிள்ளையோட எங்க போறது? ஆர் அறை தருவினம்?"

அவர் பயமும் நியாயம்தான். அதனால்தான் அந்தப் பயத்தின் மேல் எனக்கு இன்னும் கூடுதலாகக் கோபம் வந்தது.

அந்தியேட்டி

மறுநாள் ஐயர் வந்தார். வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். திரை விலகியது. விளக்கு எரிந்தது. நடையில் நிற்க இடமில்லாத கூட்டம். மாஸ்டரின் தமக்கை பரமேசுவரி, வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்து, குசினிக்கும் நடைக்குமாக அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷி. மாஸ்டர் அவருக்கு மட்டும்தான் பயப்படுவார்.

சாப்பாட்டுக்கு முன்னரே இரசம் ஏறிவிட்டது. "எழுபது," என்று மாஸ்டர் சொன்னது எனக்கு மேலே கேட்டது. பிறகு அலுமாரிப் பூட்டின் சத்தம்.

சாப்பாடு பிந்தியது. அதற்குள் ரேடியேற்றர் ஆறியது. அட்டை இறங்கத் தொடங்கியது. பிள்ளையின் கை சில்லிட்டபோது, மடித்து வைத்திருந்த கம்பளிக் காலுறைகளை எடுத்து மாட்டினேன். அவள் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். கம்பளி. மறுபடி கொண்டுபோனாள். கம்பளி. முகத்தைச் சுளித்து, வீறிட்டு அழுதாள். வேறு எதையும் என்னால் பொறுத்திருக்க முடியும். அதைப் பொறுக்க முடியவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கூட்டத்தை விலக்கி, சாமித்தட்டின் முன்னால் நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"என்ன பிள்ளை, வழியில இருக்கிறீர்?" என்றார் பரமேசுவரி அன்ரி.

"மாஸ்டரின்ர கருவி எழுபது எண்டு சொல்லுது அன்ரி. வீடு முழுக்க எழுபதுதானாம். எங்கட அறைக்கு மட்டும் அந்த எழுபது வந்து சேரேல்லை. அதுதான் இறங்கி வந்தனான்."

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்லுறீர்?" என்றார் அன்ரி.

நான் எழும்பி, ஆணியிலிருந்து வெப்பமானியைக் கழற்றினேன். சூடாகவே இருந்தது. "வாங்கோ, வந்து பாருங்கோ," என்று படியேறினேன். அன்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் பாதிக் கூட்டம் வந்தது. கடைசியாக மாஸ்டர்.

அட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் அதை மாட்டினேன். அன்ரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தார். இரசம் முதலில் தயங்கியது. பிறகு இறங்கியது. அறுபதைத் தாண்டி, ஐம்பதுக்கும் கீழே போய் நின்றது. கதவடியில் நின்றவர்களின் வாயால் ஆவி வந்தது.

மாஸ்டர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கருவி பழசு," என்றார். "பிழை காட்டுது."

அன்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிழையெண்டால் அதைச் சாமியோட வைச்சுக் கும்பிடச் சொன்னது ஆர் தம்பி? பிழையான சாமானுக்குக் குங்குமம் வேற." கையை நீட்டினார். "திறப்பைத் தா."

"அக்கா, நான் போறன்..."

"நீ நில். இந்த அறையில நில். நான் போய்ப் போடுறன்."

மாஸ்டர் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார். அன்ரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அந்தத் திறப்பு அதற்குப் பிறகு மாஸ்டரின் இடுப்புக்குத் திரும்பவில்லை. அலுமாரிக் கதவிலேயே தொங்கியது. வெப்பமானியைத் திருப்பிக் கேட்கவும் அவர் மேலே வரவில்லை. பார்க்கிங் என்ற அடுத்த ஊருக்கு வீடு மாறிய அன்று எங்கள் அறை ஆணியிலேயே அதை விட்டுவிட்டு வந்தேன். பொய் சொல்லப் பழகிய சாமானை வீட்டில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட இறங்கிவிட்டார்கள். என் கணவர் கதவடியில் நின்றார். மாஸ்டர் மட்டும், தமக்கை சொன்னபடி, அந்தக் குளிருக்குள் கைகளைக் கோட்டுக்குள் விட்டபடி நின்றுகொண்டிருந்தார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

குழாய்களுக்குள் டொக் டொக் என்று கேட்டது. ரேடியேற்றரில் சூடு ஏறும்வரை காத்திருந்து, மகளின் கைகளிலிருந்து காலுறைகளைக் கழற்றினேன். அவள் கொஞ்ச நேரம் காற்றில் தேடி, தன் கட்டை விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.